சொந்தக் காரணங்களுக்காக

கோத்தகிரி,
16.11.2025

அன்புள்ள செல்வி,

ஐப்பசி முடிகிறது, இங்கே மழை விட்டபாடில்லை. பிள்ளைகளின் ஸ்வெட்டர் காயாமல் வகுப்பே ஈர வாடை.

டெட், அதுதான் ஆசிரியர் தகுதித் தேர்வு, அதைப் பற்றி உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்பு பற்றி எழுதியிருந்தாய். இருபது வருடம் பாடம் நடத்தியவளிடம், ஓய்வுக்கு ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறது, இரண்டு வருடத்துக்குள் பரீட்சை எழுதித் தேறு என்றால் எரிச்சலாகத்தான் இருக்கும். இதில் வாக்காளர் பட்டியல் திருத்த வேலை வேறு. தேர்தல், சென்சஸ், பேரிடர் மூன்றுக்கும் ஆசிரியரை அனுப்பலாம் என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 27-ஆம் பிரிவே சொல்லிவிட்டது, யாரிடம் போய் முறையிடுவாய்? சரி, உளவியல் பகுதிக்கு 30 மதிப்பெண் இருக்கிறது. நம் பி.எட். நோட்டைத் தேடி எடு.

இங்கே எங்கள் கணக்கு டீச்சர் போன வாரம் வேலையை விட்டுவிட்டாள். சேலத்துப் பெண், வந்து ஒன்றரை வருடம்தான். கடிதத்தில் வழக்கம்போல 'சொந்தக் காரணங்களுக்காக'. என் ஃபைலில் இப்படி மூன்று வருடத்தில் பதினொரு கடிதம் சேர்ந்திருக்கிறது, எல்லாவற்றிலும் இதே வார்த்தைதான். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை, அரசு வேலைக்கான டிஆர்பி பரீட்சைக்குப் படிக்கப் போகிறார்கள் என்று கரஸ்பாண்டென்ட் சொல்வார். நானும் தலையாட்டிக்கொண்டிருந்தேன்.

அவள் போன மறுநாள் சப்ஸ்டிடியூஷன் நோட்டை, லீவு போட்டவர்களின் வகுப்புக்கு யார் போவது என்று எழுதுவோமே, அதைப் புரட்டினேன். அக்டோபரில் மட்டும் அவள் தலையில் 23 பீரியட். மாதத் தொடக்கத்தில் முழுப் பெயரெழுதிக் கையெழுத்து, பத்தாம் தேதிக்கு மேல் இனிஷியல், கடைசி வாரம் வெறும் கோடு. ஒதுக்கியது எல்லாம் என் கையெழுத்தில். மற்றவர்களுக்கு நாலரை மணி பஸ், வீட்டில் குழந்தை. இவள் ஹாஸ்டல் அறையில் இருக்கிறாள், கல்யாணமும் ஆகவில்லை, அவளுக்கென்ன என்று நினைத்திருக்கிறேன். சாயங்கால ஸ்டடியும் அவள்தான். வெளியே வீடு பார்க்கலாமென்றால், டூரிஸ்டுக்கு நாள் வாடகைக்கு விட்டுப் பழகியவர்கள் டீச்சர் சம்பளத்துக்கு யார் தருவார்கள்?

கடிதம் கொடுத்த பிறகு நிர்வாகத்தில் சம்பளம் இரண்டாயிரம் ஏற்றித் தருகிறோம் என்றார்கள். "மேடம், ஒரு ஃப்ரீ பீரியட் கேட்டு உங்க ரூமுக்கு மூணு தடவை வந்தேனே" என்றாள் என்னைப் பார்த்து. எனக்கு இரண்டு தடவைதான் ஞாபகம் இருக்கிறது.

இனிமேல் சேருபவர்களின் ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொள்ளலாம் என்று அடுத்த யோசனை வந்தது. நான் ஒப்பவில்லை. அதற்குப் பதிலாக, யாருக்கும் வாரத்துக்கு இரண்டுக்கு மேல் சப்ஸ்டிடியூஷன் கிடையாது, முதல் வருடத்தில் இருப்பவர்களுக்கு ஒன்றும் கிடையாது, மிஞ்சுவதை நானே எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். நேற்று முன்தினம் ஏழாம் வகுப்பில் பின்னம் நடத்தினேன். தொண்டை கட்டிவிட்டது. அப்புறம், தேயிலைக் காட்டுப் பக்கம் பூட்டிக் கிடக்கும் வாட்ச்மேன் வீட்டுக்கு ஓடு மாற்றி வெந்நீருக்கு வழி செய்யச் சொல்லியிருக்கிறேன். தலையாட்டியிருக்கிறார்கள், பார்ப்போம்.

உன் தங்கை மகள் எம்.எஸ்சி. கணக்கு முடித்து பி.எட்.டும் முடித்துவிட்டாள் என்றாயே. இப்போது அவளைக் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. அந்த வீட்டில் வெந்நீர் வந்ததும் எழுதுகிறேன், அப்போது கேட்டுப் பார்.

அன்புடன்,
மல்லிகா