எரரும் இல்லை, படமும் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கருங்கல்லில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பிளஸ் டூ கம்ப்யூட்டர் சயின்ஸில், பைத்தான் மொழியில் வரைபடம் வரையும் பைப்ளாட் பாடம் வந்துவிட்டால் போதும், பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். "எக்கா, எரர் ஒண்ணும் இல்ல, படமும் வரல்ல" என்பதுதான் பாதிப் பேரின் புகார்.

எரர் இல்லைதான். ஆனால் கீழே ஓர் எச்சரிக்கை வரி கிடக்கும், அதில் 'ஏஜிஜி' என்ற எழுத்துகள் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. வரைபடம் போடும் பைத்தான் தொகுப்பான மேட்பிளாட்லிப் படத்தை வரையத் தயார், திறந்து காட்டத்தான் விண்டோ இல்லை என்று அதற்கு அர்த்தம். புரோகிராமில், படத்தைத் திரையில் காட்டச் சொல்லும் 'ஷோ'வுக்குப் பதில் 'சேவ்ஃபிக்' கொடுத்துப் பார்த்தால் படம் பைலாக வந்து உட்காரும். வந்துவிட்டால் மேட்பிளாட்லிப்பில் குற்றமில்லை, பெரும்பாலும் விண்டோ திறந்து காட்டும் டிகேஇன்டர்தான் இல்லாமலிருக்கும்.

பிள்ளைகளோ மேட்பிளாட்லிப்பையே அழித்து அழித்து ஏற்றுகிறார்கள். சிலர் பைத்தான் தொகுப்புகளை இறக்கித் தரும் பிப்பில் டிகேஇன்டரைத் தேடுகிறார்கள். அது அங்கே கிடைக்காது, பைத்தானோடு சேர்ந்து வர வேண்டிய சரக்கு. விண்டோஸுக்கு மாற்றான உபுண்டுக்காரர்கள் அதைத் தனியாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். 'சுடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-டிகே' என்று அடித்தால் வேலை முடிந்தது. விண்டோஸில் பைத்தான் செட்டப்பைத் திரும்ப ஓட்டி, 'மாடிஃபை' போய், 'டிசிஎல்/டிகே' கட்டத்தில் டிக் போட வேண்டும்.

இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிற பழைய மெஷின் என்றால், பைத்தான் 3.8-க்கு மேல் ஏறவே ஏறாது. புதியதை இறக்கி மல்லுக்கட்டுவது வீண்.

ஒரு பையன் தன் புரோகிராமுக்கே 'மேட்பிளாட்லிப்.பை' என்று பெயர் வைத்திருந்தான். இம்போர்ட் என்றதும் பைத்தான் பக்கத்தில் கிடந்த அந்த பைலையே எடுத்துக்கொண்டது. பெயரை மாற்றினோம், ஓடியது. இதற்காகப் பேச்சிப்பாறையிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தான், பாவம்.

உங்கள் மாணவர் பக்கத்தில் மாதிரி வினாத்தாள் போடுகிறீர்கள். அந்தப் பாடம் நடக்கிற சமயத்தில் ஒரு நாளாவது, திரையில் வரும் பிழைச் செய்தியையும் அதற்கு அடிக்க வேண்டிய வரியையும், புள்ளி, இடைவெளி பிசகாமல் அச்சிடுங்கள். என் கடையில் கூட்டம் குறையுமே என்று கவலையில்லை. படம் வந்துவிட்டால் கலர் பிரிண்ட் எடுக்க எப்படியும் இங்கேதான் வருவார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கருங்கல், கன்னியாகுமரி மாவட்டம்.