ஐந்து தாள்தான் மிச்சம்

திருச்சி,
ஞாயிற்றுக்கிழமை காலை

அன்புள்ள மாப்ளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. உடனே பதில் போடாததற்குக் கோபித்துக்கொள்ளாதே. முழங்கால் வலி ஒரு பக்கம், பேரன் காதுகுத்து ஒரு பக்கம். இதெல்லாம் சாக்கு என்று உனக்கே தெரியும். நீ கேட்டிருந்ததற்கு என்ன எழுதுவது என்று புரியாமல்தான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன்.

"உன் மருமகள் ஒரே பிடியாக நிற்கிறாள், நீ சொன்னால் கேட்பாள்" என்று உன் பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறாய். கடைசி வருஷப் படிப்பை விட்டுவிட்டு, தானே எழுதி மெட்டுப் போட்ட பத்துப் பாட்டைக் கிட்டாரோடு பாடி ஆல்பம் போடப்போகிறாளாம். தங்கச்சி இரண்டு நாளாக அவளோடு பேசவில்லையாம். நீ ராத்திரி மொட்டைமாடியில் நடக்கிறாயாம். நடப்பது உடம்புக்கு நல்லதுதான், நட.

இந்த ரெண்டு வாரமாக நான் ஒரே ஒரு ஆல்பத்தைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நிக் டிரேக் என்ற இங்கிலீஷ்காரப் பையன் 1969-ல் போட்ட முதல் ஆல்பம். ‘ஃபைவ் லீவ்ஸ் லெஃப்ட்’ என்று பேர். பத்துப் பாட்டு, நாற்பது நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. சிகரெட் சுருட்டுகிற ரிஸ்லா தாள் கட்டு தீரப்போகும் இடத்தில், ‘இன்னும் ஐந்து தாள்தான் மிச்சம்’ என்று ஒரு சீட்டு வருமாம். அதையே பேராக வைத்துவிட்டான். ஆல்பம் வந்து ஐந்து வருஷத்தில் அவன் இறந்துபோனதால், அந்தப் பேரில் சகுனம் கண்டுபிடித்தவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருபது வயசுப் பையன் கையில் சிகரெட் தாள் இருந்தது, அவ்வளவுதான்.

நீ கேட்டால் ஆச்சரியப்படுவாய், பையன் பிறந்தது ரங்கூனில். 1948 ஜூன் 19. பர்மா சுதந்திரமாகி ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. அப்பா ராட்னி, பாம்பே பர்மா கம்பெனியில் இன்ஜினியர். நம் வீட்டுப் பெரியவர்கள் தேக்குக் கம்பெனி என்பார்களே, அதேதான். என் தாத்தா மொகல் தெருவில் செட்டியார் கடையில் அடுத்தாளாக இருந்ததும், ஜப்பான்காரன் குண்டு போட்டதும் அரக்கான் வழியாக நடந்தே வந்ததும் நீ நூறு தடவை கேட்ட கதை. அதே சண்டையில்தான் இந்தப் பையனின் அம்மா மாலியும் பர்மாவை விட்டு டில்லிக்கு வந்து சேர்ந்திருக்கிறார். வந்த வழி வேறு, வசதி வேறு, அதைச் சொல்லத்தான் வேண்டும். டில்லியில் சகோதரியோடு சேர்ந்து ஆல் இந்தியா ரேடியோவில் பாடியும் இருக்கிறார். யார் கண்டது, என் தாத்தா ஏதாவது ஒரு டீக்கடை வாசலில் அந்தக் குரலைக் கேட்டிருப்பாரோ என்னவோ.

பையனுக்கு விவரம் தெரிவதற்குள் குடும்பம் இங்கிலாந்து திரும்பிவிட்டது. வார்விக்‌ஷயரில் டான்வொர்த் என்ற கிராமத்தில் வீடு. அந்த வீட்டில் அம்மா பியானோவில் தானே பாட்டுக் கட்டிப் பாடுவார், அப்பா அதை டேப் ரெக்கார்டரில் பதிவார். வெளியில் யாருக்கும் தெரியாது. பையனின் பாட்டில் இருக்கிற தனிமை எங்கிருந்து வந்தது என்று அம்மாவின் பாட்டைக் கேட்டால் தெரிகிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். கேம்பிரிட்ஜில் இங்கிலீஷ் இலக்கியம் படிக்கப் போனான். லண்டனில் அவன் பாடியதை ஃபேர்போர்ட் கன்வென்ஷன் என்ற குழுவில் பேஸ் கிட்டார் வாசித்தவர் கேட்டுவிட்டு, தங்கள் தயாரிப்பாளர் ஜோ பாய்டிடம் சொல்ல, ஆல்பத்துக்கு வழி பிறந்தது. லண்டன் செல்ஸியில் ஒரு பழைய பால்பண்ணைக் கட்டிடத்தை ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார்கள், அங்கேதான் பதிவு. மற்ற குழுக்களின் வேலைக்கு நடுவே இடம் கிடைக்கும்போதெல்லாம் இவன் வகுப்பைக் கட் அடித்துவிட்டு ரயிலேறி வந்து பாடுவான். இப்படியே ஒரு வருஷம் போல இழுத்தது.

இங்கேதான் எனக்குப் பிடித்த இடம் வருகிறது. பையன் வாயே திறக்காத ரகம். எதிரில் இருப்பவர் முகத்தைப் பார்த்துப் பேசவே சங்கடப்படுவான். வயலின், செல்லோ எல்லாம் சேர்க்கலாம் என்று அனுபவமுள்ள ஒருவரைக் கூப்பிட்டு எழுதச் சொன்னார்கள். எழுதி வந்ததைக் கேட்டுவிட்டு, இது என் பாட்டு இல்லை என்று விட்டான். அப்புறம் மெதுவாக, ‘காலேஜில் என் சிநேகிதன் ஒருத்தன் இருக்கிறான், அவனைக் கேட்டுப் பார்க்கலாமா?’ என்றான். ராபர்ட் கிர்பி, இசை படித்துக்கொண்டிருந்த மாணவன். அதுவரை ஒரு ரெக்கார்டுக்கும் எழுதியதில்லை. தயாரிப்பாளருக்கும் ஒலிப்பதிவு இன்ஜினியர் ஜான் வுட்டுக்கும் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ஒத்துக்கொண்டார்கள்.

‘வே டு ப்ளூ’ என்ற பாட்டு. அதில் கிட்டாரே கிடையாது. குரலும் தந்தி வாத்தியங்களும் மட்டும். ஜான் வுட் ஒவ்வொரு வாத்தியமாகத் தனித்தனியே கேட்டு ஒலியைச் சரிசெய்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்திருக்கிறார். சந்தோஷத்தில் அழுகையே வந்துவிடும் போலிருந்தது என்று பாய்ட் பிற்பாடு எழுதியிருக்கிறார். கூச்சம் பிடித்த பையன் ஒரே ஒரு விஷயத்துக்குத்தான் பிடிவாதம் பிடித்தான், அதுவும் ஒரு சிநேகிதனுக்காக. 2025-ல் இந்த ஆல்பம் உருவான பழைய பதிவுகளைத் தேடி எடுத்து நாலு டிஸ்க்காக வெளியிட்டார்கள். அதில் கேம்பிரிட்ஜில் எடுத்த ஒரு டேப் இருக்கிறது. பாட்டுக்கு நடுவே, வாத்தியங்கள் எப்படி வரவேண்டும் என்று அவனே பேசுகிறான். மனசில் எல்லாம் தெளிவாக இருந்திருக்கிறது, மாப்ளே. வாயில்தான் வரவில்லை.

உனக்கென்று ஒரு பாட்டைத் தனியாக எடுத்து வைத்திருக்கிறேன். ‘ரிவர் மேன்’. தாளம் ஐந்து எண்ணிக்கை. முதல் தடவை கேட்டபோது ஏதோ நொண்டுகிறதே என்று தொடையில் தட்டிப் பார்த்தேன், தக தகிட என்று வந்து உட்கார்ந்தது. நம் கண்ட சாபு தாளம்! கிர்பியே இது தன்னால் ஆகாது என்று கையை விரித்துவிட, ஹாரி ராபின்சன் என்ற பெரியவர் எழுதிக் கொடுத்தார். அவர் பேய்ப் படங்களுக்கு இசை அமைத்தவர். சுற்றிலும் தந்தி வாத்தியக்காரர்கள், நடுவில் ஸ்டூல் போட்டுப் பையன், ஒரே நேரத்தில் வாசித்துப் பாடிப் பதிந்தார்கள். அவனுடைய வலது கைக் கட்டைவிரலைக் கவனித்துக் கேள். கனத்த கம்பியில் உன் மிருதங்கத்தின் இடது பக்கம், அந்தத் தொப்பி மாதிரி விட்டுவிட்டுப் பேசும். மேலே விரல்கள் என்ன வேலை செய்தாலும் அதன் கணக்கு பிசகாது. குரல் அதற்கெல்லாம் கொஞ்சம் பின்தங்கி, அவசரமே இல்லாமல் வரும்.

எல்லாப் பாட்டும் அப்படி என்று சொல்லமாட்டேன். புல்லாங்குழல் வருகிற ஒரு பாட்டில் சர்க்கரை தூக்கல். வேறு ஒன்றிரண்டு இடத்தில் வயலின்கள் நகர்ந்து வழிவிட்டால் தேவலை என்று இருக்கும். 1972-ல் வந்த மூன்றாவது ஆல்பத்தை ரெண்டே ராத்திரியில் பெரும்பாலும் கிட்டாரும் குரலுமாக முடித்தான். அதுதான் சிறந்தது என்பவர்கள் நிறையப் பேர். எனக்கு என்னவோ முதலாவதுதான். சுற்றி ஆள் இருக்கிற சத்தம் அதில் கேட்கிறது.

இப்போது உனக்குப் பிடித்த பகுதி. ஆல்பம் விற்கவில்லை. மூன்றில் எதுவும் அவன் உயிரோடு இருந்தபோது ஐயாயிரத்தைத் தொடவில்லை. முதல் ஆல்பத்தின் உறையில் பாட்டுகளின் வரிசையைக்கூடத் தப்பாக அச்சடித்திருந்தார்கள். மேடை ஏறினால் ஒவ்வொரு பாட்டுக்கும் கம்பிகளை வேறு வேறு சுருதிக்கு மாற்றவேண்டும், அதுவரை கூட்டத்தோடு ஒரு வார்த்தை பேசமாட்டான். நீ மிருதங்கத்தைச் சுருதி சேர்க்கிற ரெண்டு நிமிஷத்துக்கே நம் ஆட்கள் பக்கோடா வாங்கப் போய்விடுவார்கள், அங்கே கேட்கவேண்டுமா? 1970-ல் ஒரு கல்லூரியில் பாதிப் பாட்டில் எழுந்து போனவன், அப்புறம் மேடையையே விட்டுவிட்டான் என்று சொல்லலாம். மன அழுத்தம் பிடித்துக்கொண்டது, அப்பா அம்மா வீட்டுக்கே திரும்பி வந்தான். 1974 நவம்பரில் ஒரு காலை, மாத்திரை அதிகமாகி, படுக்கையில் இறந்து கிடந்தான். 26 வயசு.

இதை உன் பெண்ணுக்கு முன்மாதிரியாகச் சொல்லவில்லை. பயமுறுத்துவதற்கும் சொல்லவில்லை. கல்லூரியை விட்டதால் அப்படி ஆயிற்று என்று நீ முடிச்சுப் போட்டுவிடாதே, அது வியாதி. கல்லூரியை விடப்போகிறேன் என்றபோது ராட்னியும் உன்னைப் போலத்தான் நீளமாக ஒரு கடிதம் எழுதினார். பட்டம் என்பது சர்க்கஸில் கீழே கட்டுகிற வலை மாதிரி, இருக்கட்டும் என்றார். எனக்கு வேண்டாத ஒன்றே ஒன்று அந்த வலைதான் என்று பையன் பதில் சொன்னான். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மாப்ளே, ஒன்றைக் கவனி. அந்த ஆல்பம் முழுக்க அவன் படித்துக்கொண்டிருந்தபோது பதிந்தது. ஆல்பம் கடைக்கு வந்த பிறகுதான் கல்லூரியை விட்டான். பத்துப் பாட்டு பதிய எட்டு மாசப் படிப்பை விடவேண்டியதில்லை என்று அவளிடம் சொல்லப்போகிறேன். விட்டே தீருவேன் என்றால், மாமா உன் பக்கம்தான் என்றும் சொல்லுவேன். திட்டுவதென்றால் இப்போதே திட்டிவிடு.

அவளுக்கு ஒரு கிர்பி இருக்கிறானா, இருக்கிறாளா என்று மட்டும் விசாரி. தனியாகப் பதிகிறாள் என்றால்தான் எனக்குக் கவலை.

நீ என்ன செய்வது என்று கேட்கிறாயா? ராட்னியும் மாலியும் மகன் போன பிறகு என்ன செய்தார்கள் தெரியுமா? எங்கிருந்தெல்லாமோ அந்தக் கிராமத்துக்கு ரசிகர்கள் தேடி வருவார்கள். கூப்பிட்டு உட்காரவைத்து, அவன் அறையைக் காட்டி, வீட்டில் பதிந்த டேப்புகளைப் பிரதி எடுத்துக் கொடுத்து அனுப்புவார்கள். பாய்ட் தன் கம்பெனியைக் கைமாற்றியபோது, இந்தப் பையனின் ரெக்கார்டுகளை எப்போதும் விற்பனையில் வைத்திருக்கவேண்டும் என்று நிபந்தனை போட்டார். அதனால்தான் 1999-ல் ஒரு கார் விளம்பரத்தில் அவன் பாட்டு வந்து ஜனங்கள் தேடியபோது கடையில் கிடைத்தது. மாலியின் பாட்டுகளும், அவர் இறந்து கிட்டத்தட்ட இருபது வருஷம் கழித்து, ஆல்பமாக வந்தன. கணவர் பதிந்து வைத்த அதே டேப்பிலிருந்து.

இதை எழுதும்போது நாற்பது வருஷத்துக்கும் மேலாக மறைத்த ஒன்றைச் சொல்லியே ஆகவேண்டும். விடுதி அறையில் நான் எழுதி நீ வாசித்து, கடன் வாங்கிய நேஷனல் பேனசோனிக்கில் ஐந்து பாட்டு பதிந்தோமே, அந்தக் கேஸட். விடுதிக் காவலாளி எடுத்திருப்பார் என்று உன்னிடம் சொன்னேன். பாவம், அவர் எடுக்கவில்லை. அக்கா கல்யாணத்தன்று நாதஸ்வரம் பதியக் காலி கேஸட் கிடைக்காமல், அதன் மேலேயே பதிந்துவிட்டேன். மேலே இருக்கிற பிளாஸ்டிக் காதை உடைத்து வைத்திருந்தால் பதிந்திருக்காது. உடைக்கத் தோன்றவில்லை.

போன வாரம் பரணில் கிடைத்தது. நாதஸ்வரம் முடிந்து, யாரோ ‘சாப்பாடு ஆச்சா’ என்று கேட்டு, டொக் என்று ஒரு சத்தம். அதற்குப் பின்னால் உன் மிருதங்கம் முக்கால் நிமிஷம் இருக்கிறது. பேரனிடம் கொடுத்து போனில் ஏற்றச் சொல்லியிருக்கிறேன். ஏறியதும் அனுப்புகிறேன்.

மருமகளை ரெண்டு பாட்டு அனுப்பச் சொல். போனில் பதிந்ததே போதும். மாமா அதன் மேல் எதையும் பதியமாட்டார் என்று சொல்.

தங்கச்சிக்கு மாவடு கொடுத்து அனுப்பியிருக்கிறேன். ஜாடி திரும்ப வரவேண்டும், வீட்டில் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

உன்
பழைய அறைத்தோழன்