புகார் கொடுத்தவர் மீதே பாயும் நடவடிக்கை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மேலதிகாரியைப் பற்றி எழுத்துமூலம் புகார் கொடுத்த ஊழியருக்குச் சில வாரங்களில் மெமோ ஒன்று வருகிறது. எப்போதோ தாமதமாக வந்த நாள்களும், அன்றைக்கே பேசி முடிக்கப்பட்ட ஒரு கணக்குப் பிழையும் அதில் குற்றச்சாட்டுகளாக அடுக்கப்பட்டிருக்கின்றன. பணியிடங்களில் இதைக் கண்டவர்கள் பலர். வருகைப் பதிவேட்டைப் புரட்டினால் எவரிடமும் ஏதேனும் ஒரு குறை அகப்படும் என்பதால், குற்றச்சாட்டு பொய் என்று சொல்லவும் அவரால் முடிவதில்லை. குறைதீர்ப்பு முறையையும் ஒழுங்கு நடவடிக்கையையும் தனித்தனியே எவ்வளவு செம்மையாக வகுத்திருந்தாலும், இவ்விரண்டும் உரசிக்கொள்ளும் இந்த இடத்தைக் கவனிக்காத நிர்வாகம் நியாயமாக நடக்க இயலாது என்பதே என் கருத்து.

பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-ஆம் ஆண்டில் ஏற்ற 130-ஆம் பரிந்துரை, தனக்குக் குறை இருப்பதாகக் கருதும் தொழிலாளி அதை முன்வைப்பதால் எவ்விதப் பாதிப்புக்கும் உள்ளாகக் கூடாது என்று கூறுகிறது. அதே அமைப்பின் 1982-ஆம் ஆண்டு 158-ஆம் உடன்படிக்கை, நடத்தை அல்லது செயல்திறன் காரணமாக ஒருவரைப் பணிநீக்கம் செய்யும் முன் தன் தரப்பைச் சொல்ல அவருக்கு வாய்ப்புத் தர வேண்டும் என்கிறது. அதனுடன் வந்த 166-ஆம் பரிந்துரையில் அதிகம் பேசப்படாத ஒரு கூறு உண்டு: தவறு தெரியவந்த பிறகு நியாயமான காலத்துக்குள் நடவடிக்கை எடுக்காத நிர்வாகம், அத்தவறுக்காகப் பணிநீக்கம் செய்யும் உரிமையைக் கைவிட்டதாகவே கருதப்பட வேண்டும். பரிந்துரை எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது என்பது உண்மைதான். ஆயினும், ஊழியரின் பழைய தவறுகளை வேண்டிய நாளில் எடுத்து நீட்டுவதற்காகச் சேமித்து வைக்கும் வழக்கத்துக்கு இதைவிடத் தெளிவான மறுப்பை நான் கண்டதில்லை.

புகார் கொடுத்துவிட்டால் எல்லா நடவடிக்கையிலிருந்தும் தப்பிவிடலாமா என்று நிர்வாகத்தினர் கேட்பது நியாயமான கேள்வியே. கடுமையான தவறு உண்மையில் நடந்திருந்தால் விசாரிக்கத்தான் வேண்டும். ஆனால் அந்த விசாரணையைத் தொடங்குவதிலும், மெமோவில் கையெழுத்திடுவதிலும், தண்டனையை முடிவு செய்வதிலும் புகாருக்கு உள்ளான அதிகாரிக்கோ அவருக்குக் கீழ்ப்பட்டவருக்கோ இடம் இருக்கக் கூடாது. இதே தவற்றைச் செய்த மற்றவர்களுக்கு முன்பு என்ன செய்யப்பட்டது என்பதையும் ஒப்பிட வேண்டும். அவர்களுக்கு வாய்மொழி எச்சரிக்கையும் இவருக்குப் பணியிடை நீக்கமும் என்றால், நடவடிக்கையின் காரணத்தை வேறெங்கோதான் தேட வேண்டியிருக்கும்.

புகாருக்கு உள்ளான அதிகாரிக்கும் இதே அளவு நியாயம் உரியது. ‘மரியாதையின்றி நடந்துகொண்டார்’ என்ற ஒற்றை வரிக்கு எவராலும் பதில் சொல்ல முடியாது. எந்த நாளில், எவர் முன்னிலையில், என்ன நடந்தது என்று எழுதித் தந்து, ஆவணங்களைப் படிக்கப் போதிய அவகாசமும் துணைக்கு ஒருவரை அழைத்துவரும் உரிமையும் அளித்த பிறகே அவரிடம் விளக்கம் கேட்க வேண்டும்.

சாட்சிகளின் நிலைதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. அவர்களின் ஒப்பந்தப் புதுப்பிப்பும் பதவி உயர்வும் அதே அதிகாரியின் கையில் இருக்கும்போது அவர்கள் வாய் திறக்க அஞ்சுவதில் வியப்பில்லை. அந்த மௌனத்தை ‘ஆதாரம் இல்லை’ என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவது எந்த வகையில் விசாரணை ஆகும்?

ஆகவே, புகார் பதிவான நாளிலிருந்து குறைந்தது ஓராண்டுக்கு, புகார் கொடுத்தவர் மீதோ சாட்சிகள் மீதோ மெமோ, இடமாற்றம், ஆண்டு மதிப்பீட்டுக் குறைப்பு என எந்த நடவடிக்கை எடுப்பதானாலும், விவகாரத்தில் தொடர்பில்லாத உயர் அதிகாரி ஒருவர் காரணத்தை எழுதி ஒப்புதல் அளித்த பின்பே அது நடைமுறைக்கு வர வேண்டும் என்று ஒவ்வொரு நிறுவனமும் தன் பணிவிதிகளில் சேர்க்க வேண்டும். அதன் நகல் அந்த ஊழியருக்குத் தரப்படுவதும் கட்டாயமாக வேண்டும். அது கையில் இல்லாமல் மேல்முறையீட்டில் அவர் எதையும் மறுத்துப் பேச முடியாது.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்