உன் ரத்தத்தையும் ஒருமுறை பார்த்துவிடு

செவ்வாய்ப்பேட்டை,
சேலம்.

அன்புள்ள கண்ணு,

இங்கே எல்லாரும் நலம். மாப்பிள்ளையும் குட்டியும் நலம்தானே? அண்ணன் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு ஐப்பசியில் நாள் பார்த்திருக்கிறது. மற்ற ஊர்க்கதையெல்லாம் அம்மா போனில் சொல்வாள். எனக்கு எழுத வேண்டியது வேறு.

என் ரத்தச் சோதனை ரிப்போர்ட்டின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். என் பெயருக்குக் கீழே ஸ்டார் 2, ஸ்டார் 2 என்று போட்டிருக்கிறதே, பேனாவால் வட்டம் போட்டிருக்கிறேன், அதைப் பார்.

இதயக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த குளோபிடோக்ரல் 75 மாத்திரையை ஒரு வேளை தவறாமல் போட்டேன். அப்படியும் உள்ளே ரத்தம் உறைந்து மறுபடி அடைத்துக்கொண்டது. படுத்திருந்த என்னிடம் எல்லாரும் கேட்டது, மாத்திரையை விட்டுட்டீங்களா என்றுதான். நீயும் போனில் அதைத்தான் கேட்டாய். பட்டறையில் பத்து மில்லி வெள்ளிக்குக் கணக்கு சொன்னவன் நான், மாத்திரையையா விடுவேன்? காலி அட்டைகளைத் தேதி எழுதி டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். அண்ணன் அதைக் கொண்டுபோய்க் காட்டிய பிறகுதான் இந்தச் சோதனைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

வெள்ளிக் கட்டியை உருக்கிக் கம்பி இழுத்தால்தானே கொலுசு. குளோபிடோக்ரலும் விழுங்கியபடியே வேலை செய்யாது. கல்லீரலில் சிஒய்பி2சி19 என்று ஒரு நொதி அதை மாற்றிக் கொடுத்தால்தான், ரத்தத் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் தடுக்கும். ஸ்டார் 2 என்றால் அந்த நொதிக்கான மரபணுவில் பழுது. அந்த மரபணு அப்பாவிடமிருந்து ஒரு பிரதி, அம்மாவிடமிருந்து ஒரு பிரதி என்று வரும்; எனக்கு இரண்டு பிரதியும் பழுது. மாத்திரை வயிற்றுக்குப் போனது, மருந்தாக மாறியது கொஞ்சம்தான்.

இது அபூர்வமான சங்கதி இல்லை கண்ணு. நம் பக்கத்து ஜனங்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஒரு பிரதியாவது இப்படி இருக்கிறதாம். இரண்டும் பழுதானவர்களுக்கு இந்த மாத்திரை சரியாக வேலை செய்யாது என்று அமெரிக்காவில் 2010லேயே மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டி எச்சரிக்கை போட்டுவிட்டார்கள். உன் பெரியப்பா மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே இரண்டாம் முறை விழுந்தாரே, அதற்கும் இதுதானோ என்று ராத்திரியெல்லாம் யோசனை ஓடுகிறது.

இப்போது உன் விஷயம். என்னிடம் நல்ல பிரதியே இல்லை. அதனால் என்னிடமிருந்து உனக்கும் அண்ணனுக்கும் வந்தது பழுதானதாகத்தான் இருக்கும். அம்மாவிடமிருந்து எது வந்தது என்பது சோதித்தால்தான் தெரியும். அண்ணன் ரத்தம் கொடுத்துவிட்டான். நீயும் கொடு. ஆயுளுக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

போன வாரம் குட்டி போனில், அம்மா ஆஸ்பத்திரியில தூங்கினாங்க என்றான். நீ உடனே போனை வாங்கி மழையைப் பற்றிப் பேசினாய். நான் கேட்கவில்லை. காய்ச்சலாகவும் இருக்கலாம். ஆடிப் பண்டிகைக்கு வந்தபோது காபி டம்ளரை இடது கையில் வாங்காமல் மேஜையில் வைக்கச் சொன்னாய். அதையும் நான் கேட்கவில்லை.

எதற்கும் எழுதுகிறேன். இதயத்துக்கு மட்டும் இல்லை, பக்கவாதத்துக்கும் இதே குளோபிடோக்ரலைத்தான் கொடுக்கிறார்கள். சீனாவில் பழுதான பிரதி உள்ள, லேசான பக்கவாதமோ அதன் அறிகுறியோ வந்த 6,412 பேரை வைத்துப் பார்த்து 2021ல் முடிவு சொன்னார்கள். 90 நாளில் மறுபடி பக்கவாதம் வந்தது குளோபிடோக்ரல் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு 7.6, டிகாக்ரெலர் என்ற வேறு மாத்திரை சாப்பிட்டவர்களில் 6. ஆனால் டிகாக்ரெலரில் ரத்தக் கசிவு கூடுதல். எனக்கு இப்போது அதுதான், காலை ஒன்று, ராத்திரி ஒன்று. கொஞ்சம் மூச்சு வாங்குகிறது, மற்றபடி நன்றாக இருக்கிறேன். பிராசுக்ரெல் என்று இன்னொன்று உண்டு. பக்கவாதமோ, வந்து சில நிமிஷத்தில் சரியாகிப்போன அறிகுறியோ இருந்தவர்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. அதனால் டாக்டரிடம் ஒன்றையும் மறைக்காதே. எங்களிடம் மறைத்தால்கூடப் பரவாயில்லை.

நெஞ்செரிச்சலுக்கு ஒமேபிரசோலைக் கேட்காமல் வாங்கிப் போடுவாயே, அது இதே நொதியை மட்டுப்படுத்தும். குளோபிடோக்ரல் எழுதிக் கொடுத்திருந்தால் ஒமேபிரசோலைச் சேர்க்காதே, வேறு ஏதாவது எழுதித் தரச் சொல். அதே சமயம் என் கடிதத்தைப் பார்த்துவிட்டு எந்த மாத்திரையையும் நீயாக நிறுத்திவிடாதே. நிறுத்தினால் அதைவிட ஆபத்து. ரிப்போர்ட்டைக் காட்டு, அவர்கள் முடிவு செய்யட்டும்.

இந்தத் தெருவிலிருந்து போய் அவ்வளவு பெரிய ஆபீசை நடத்துகிறவள் நீ. கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்லிப் பெருமைப்படுகிறேன். ஆனால் உடம்பு விஷயத்தில் சின்ன வயசிலிருந்தே இப்படித்தான், கால் சுளுக்கியதை வீங்கின பிறகுதான் காட்டினாய்.

சோதனைக்கு ரத்தம் கொடு. எந்த மாத்திரை சாப்பிடுகிறாய் என்று ஒரு வரி எழுது, அல்லது அட்டையைப் படம் பிடித்து அண்ணனுக்கு அனுப்பு. வரச் சொன்னால் அன்று ராத்திரியே ஏற்காடு எக்ஸ்பிரஸில் கிளம்பி வந்துவிடுவேன். அம்மாவிடம் இதுவரை எதுவும் சொல்லவில்லை. நீ எழுதிய பிறகு அவளிடம் என்ன சொல்வது என்று பார்த்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
அப்பா