மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லாரும் நலம். அம்மா கைத்தடி இல்லாமலே கோயில் வரை நடக்கிறார். மழை விட்டபாடில்லை. செம்பனை லாரிகள் போய்ப்போய்க் கடை வாசலெல்லாம் சேறு.

போன தீபாவளிக்கு வந்தபோது என் கணினியில் ஈமேக்ஸ் என்ற எழுதும் மென்பொருளும், சுருக்கெழுத்தை முழு வாசகமாக விரித்துத் தரும் அதன் துணைநிரல் யாஸ்னிப்பெட்டும் போட்டுக் கொடுத்தாயே, அதைப் பற்றிச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். தோட்டத்துச் சனங்களுக்கு மலாய்க் கடிதம் எழுதித் தருகிறவனுக்கு அது பெரிய வரம். "சாயா மெருஜுக் கெப்பாடா பெர்காரா டி ஆத்தாஸ்" (மேற்கண்ட விஷயம் தொடர்பாக எழுதுகிறேன்) என்ற வரியை ஒரு நாளைக்கு எத்தனை முறை அடித்திருப்பேன்! இப்போது இரண்டெழுத்து, ஒரு டேப். பெயரையும் 12 இலக்க அடையாள அட்டை எண்ணையும் ஒருமுறை அடித்தால் கடிதத்தில் வேண்டிய இடமெல்லாம் தானே விழுகிறது.

ஆனால் புதிதாக ஒரு வாசகத்தைச் சேமிக்கத்தான் மனம் வரவில்லை. வேறு பக்கம் திறக்கும், பெயர், சுருக்கெழுத்து கேட்கும். கன்ட்ரோல்-சியை இரண்டு முறை தட்டினால், எந்த வகைக்கு, கோப்பாக்கவா, எந்த அடைவில், என்ன பெயரில் என்று அடுக்கிக்கொண்டே போகும். எதிரே முக்காலியில் பால்மரம் வெட்டிக் காய்த்துப்போன கையோடு ஒரு பாட்டி சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) கடிதத்துக்காகக் காத்திருக்கும்போது இதற்கெல்லாம் யார் பதில் சொல்வது? அப்புறம் பார்க்கலாம் என்று விட்டுவிடுவேன். நல்ல வாசகங்கள் எத்தனையோ அப்படியே போயின.

போன வாரம் இரண்டு ராத்திரி விழித்து, ஈமேக்ஸின் நிரல்மொழியான லிஸ்பில் பத்துப் பதினைந்து வரி எழுதிவிட்டேன். வேண்டிய பத்தியைத் தேர்ந்தெடுத்து எஃப்8 தட்டினால் சுருக்கெழுத்தை மட்டும் கேட்கிறது. அதையே கோப்புப் பெயராகவும் வைத்து, சாதாரண எழுத்து வகைக்கான டெக்ஸ்ட்-மோட் அடைவில் எழுதி, உடனே ஏற்றிக்கொள்கிறது. நான் கடிதத்தை விட்டு நகர்வதே இல்லை. எல்லாமே கடிதம்தான் என்றால் வகையை எதற்குக் கேட்க வேண்டும், சொல்.

ஒரு இடத்தில் இடறினேன். சிங்கப்பூர்ச் சம்பளக் கடிதம் ஒன்றைச் சேமித்தேன். விரித்துப் பார்த்தால் $1,200 இருந்த இடத்தில் வெறும் ,200 நிற்கிறது! $1 என்பதை நிரப்ப வேண்டிய இடமாக எடுத்துக்கொண்டது. இப்போது சேமிக்கும்போதே டாலர் குறிக்கு முன்னால் பின்சாய்கோடு விழும்படி செய்துவிட்டேன். பேக்டிக் (`) குறிக்கும் அப்படித்தான் செய்ய வேண்டும், இல்லையா? இரண்டு பேக்டிக்குக்கு நடுவில் இருப்பதை லிஸ்ப் நிரல் என்று எண்ணி ஓட்டிவிடும் என்று படித்தேன்.

அந்தப் பதினைந்து வரியையும் தனிக் கோப்பாக அனுப்பியிருக்கிறேன். பிழை இருந்தால் திருத்தி அனுப்பு. காந்தி கலாசாலையில் என் கணக்கு நோட்டைத் திருத்தியவனும் நீதானே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்