ஆபத்தான விலங்குக்கு ஏற்ற ரைபிள் எது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் இருக்கும் பழைய வேட்டைத் துப்பாக்கிகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வாணிபம் செய்யப் போன பாட்டனார்கள் ரங்கூனிலிருந்து வாங்கி வந்த ரெட்டைக்குழல் ரைபிள்களைப் படத்தோடு வெளியிட்டது நல்ல முயற்சி. ஆனால் யானையையும் காட்டெருமையையும் நிறுத்தத் தோட்டா எவ்வளவு பெரிதோ அவ்வளவு நல்லது என்ற பொருளில் கட்டுரை முடிந்திருப்பது சரியன்று. ராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்த்துப் பராமரிக்கும் ஆர்மரராக இருந்து, ஓய்வுக்குப் பின் தான்சானியாவில் வேட்டைத் துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்தவன் என்ற முறையில் சில விவரங்களைச் சொல்ல விரும்புகிறேன்.

நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இன்று இத்தகைய வேட்டைக்கு இடமில்லை. யானை, புலி போன்ற விலங்கு மனித உயிருக்கு ஆபத்தாகிவிட்டால், தலைமை வன உயிரினக் காப்பாளரின் எழுத்துப்பூர்வமான உத்தரவின் பேரில் மட்டுமே அதைச் சுட முடியும். ஆகவே நான் எழுதுவது தான்சானியா, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளில் முறையாக உரிமம் பெற்றுக் காட்டுக்குள் போகிறவர்களுக்காக. அங்கே தொழில் செய்யும் நம் பக்கத்துப் பிள்ளைகள் சிலர் ஊருக்கு வரும்போது என்னிடம் கேட்பதும் இதைத்தான்.

தோட்டாவின் அளவை முதலில் பேசி முடித்துவிடலாம். தோட்டாப் பெயரில் வரும் .375 போன்ற எண், குண்டின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலக் கணக்கில் சொல்வது. 1912இல் வந்த .375 ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் ஏறத்தாழ 19 கிராம் எடையுள்ள குண்டை வினாடிக்குச் சுமார் 760 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. ஆப்பிரிக்காவில் பல நாடுகளில் பெருவிலங்குகளுக்கு இதுவே சட்டம் அனுமதிக்கும் குறைந்தபட்ச அளவு. அதற்கு முந்தைய ஆண்டில் வந்த .416 ரிக்பியின் குண்டு 26 கிராம். அதன் அடியும் கூடுதல், சுடும்போது ரைபிள் தோளில் பின்னோக்கி இடிக்கும் உதையும் கூடுதல். .375இன் உதையே சாதாரண .30-06 ரைபிளைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு; .458 வின்செஸ்டர் அதையும் தாண்டும். உதைக்குப் பயந்து, விசையை இழுக்கும்போதே கண்ணை மூடிக்கொள்கிறவர் கையில் .458 இருந்து என்ன பயன்? தோளில் நன்றாகப் படிந்த .375ஐ வைத்திருப்பவரோடு காட்டுக்குள் போகவே நான் விரும்புவேன்.

முக்கியமான கேள்வி வேறு. முதல் குண்டு பட்டும் விழாமல் காட்டெருமை திரும்பிப் பாய்ந்து வரும்போது, இரண்டாவது தோட்டா தவறாமல் குழலின் பின்முனையில் உள்ள அறைக்குள் ஏறுமா? 1898ஆம் ஆண்டின் மௌசர் போல்ட் அமைப்பை இன்றும் அனுபவசாலிகள் தேடிப் போவது இதனால்தான். கையால் முன்னும் பின்னும் இழுத்துத் தோட்டாவை ஏற்றி இறக்கும் உருளைதான் போல்ட். தோட்டாக்கள் அடுக்கியிருக்கும் மேகசினிலிருந்து மேலெழும் தோட்டாவின் அடிவிளிம்பைப் போல்ட்டின் பக்கவாட்டில் உள்ள எக்ஸ்ட்ராக்டர் என்ற நீண்ட கவ்வி அப்போதே கவ்விக்கொள்கிறது. அதன் பிறகு விடுவதில்லை. பதற்றத்தில் போல்ட்டை முக்கால்வாசி தள்ளிவிட்டுத் திரும்ப இழுத்தாலும் அந்தத் தோட்டா வெளியே வந்து விழும். போல்ட் முழுவதும் பூட்டிய பிறகே கவ்வுகின்ற மற்ற வகையில், அதே தவறைச் செய்தால் தோட்டா அறையிலேயே தங்கிவிட, அடுத்தது அதன் பின்புறத்தில் முட்டி நிற்கும். மான் வேட்டையில் இது வெறும் எரிச்சல். காட்டெருமைக்கு முன்னால் உயிர்ப் பிரச்சினை.

அமைப்பு நல்லது என்பதற்காகக் கடையிலிருந்து வந்த ரைபிளை அப்படியே நம்பிவிடவும் கூடாது. எங்கள் பட்டறைக்கு வந்த விலையுயர்ந்த புது ரைபிள் ஒன்றில், ஒவ்வொரு முறை சுடும்போதும் மேகசினின் அடித்தட்டு தானாகத் திறந்து, மீதித் தோட்டாக்கள் அத்தனையும் தரையில் கொட்டின. அந்தத் தட்டைப் பூட்டும் கொக்கியின் விளிம்பு ஒரு மயிரிழை குறைவாகத் தேய்க்கப்பட்டிருந்ததே காரணம். அதனால் மருந்தில்லாத டிரில் ரவுண்டுகளை நிரப்பி, மெதுவாகவும் வேகமாகவும், ரைபிளைச் சாய்த்தும் தலைகீழாகப் பிடித்தும் போல்ட்டை இயக்கிப் பார்க்க வேண்டும். .375 நீளமான தோட்டா. போல்ட்டைக் கடைசி வரை இழுக்காவிட்டால் வெற்று அறையின் மீதே பூட்டிக்கொள்ளும். அந்தப் பழக்கம் கைக்கு வருவதற்கும் இதே பயிற்சிதான்.

அடுத்தது தோளில் பதியும் மரக்கட்டை. கண்ணை மூடி ரைபிளைத் தோளுக்கு உயர்த்தி, பிறகு கண்ணைத் திறந்தால், முன்குறி பின்குறியின் வெட்டுக்குள் தானாக உட்கார்ந்திருக்க வேண்டும்; கழுத்தை வளைத்துத் தேட நேர்ந்தால் கட்டையைத்தான் மாற்ற வேண்டும். தோளில் மாட்டும் வாரின் முன்வளையம் கட்டையில் இல்லாமல் குழலிலேயே பொருத்தப்பட்டிருப்பது நல்லது. இல்லாவிட்டால் உதைக்கும்போது அது முன்னால் பிடித்திருக்கும் கையைக் கிழிக்கும். ஸ்கோப் வேண்டுமென்றால் ஒரு மடங்கிலிருந்து நான்கு மடங்கு வரை போதும். கண்ணுக்கும் அதற்கும் ஒன்பது சென்டிமீட்டராவது இடைவெளி இருக்க வேண்டும். குறைந்தால் புருவத்தில் தையல் போட வேண்டியிருக்கும். கழற்றி மாட்டிய பிறகும் குறி மாறவில்லை என்பதைச் சுட்டுப் பார்த்தே உறுதி செய்ய வேண்டும். தவறி வெடிக்காமல் காக்கும் சேஃப்டி, விசையை மட்டும் தடுப்பதாக இல்லாமல், தோட்டாவை அடித்து வெடிக்க வைக்கும் ஊசியையே பூட்டுவதாக இருப்பது மேல்.

கட்டுரை புகழ்ந்த ரெட்டைக்குழல் ரைபிளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1907இல் ஆங்கில அரசு இந்தியாவில் .450 அளவைத் தடை செய்ததால்தான் .470 போன்ற தோட்டாக்கள் பிறந்தன. இரண்டாவது வெடி அதில் உடனே கிடைக்கும் என்பது உண்மைதான். ஆனால் இரண்டு குழல்களும் ஒரே இடத்தில் சுடும்படி ஒரு குறிப்பிட்ட தோட்டாவுக்கென்றே இணைக்கப்பட்டவை. குண்டின் எடையோ வேகமோ மாறினால் ஒரு குழல் இடப்பக்கமும் மற்றது வலப்பக்கமும் போகும். அந்தக் காலத்துக் கார்டைட் மருந்து வெயிலில் அழுத்தம் கூட்டும் என்பதால்தான் பெரிய உறையில் குறைந்த அழுத்தத்தோடு நிரப்பினார்கள். வீட்டுப் பெட்டியில் பல பத்தாண்டுகள் கிடந்த அத்தகைய தோட்டாவை எவரும் சுட்டுப் பார்க்க வேண்டாம். வெடிக்காமலும் போகலாம், தாமதித்தும் வெடிக்கலாம்.

காட்டெருமைக்கு முதலில் விரியும் குண்டும் அடுத்து உருமாறாத திடக்குண்டும், யானைக்குத் திடக்குண்டு மட்டும் என்பது பரவலான வழக்கம். இரண்டு வகையும் ஒரே இடத்தில் படுகின்றனவா என்பதை ஐம்பது மீட்டரில் சுட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு காட்டுக்கு எடுத்துப் போகும் தோட்டாக்களைப் புறப்படுவதற்கு முன்பே, குழல் பாதுகாப்பான திசையை நோக்கியிருக்க, ஊசியை நீக்கிய போல்ட்டோடு ஒவ்வொன்றாக அறைக்குள் ஏற்றி இறக்கிப் பார்த்து, தயங்கி நுழைவதைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ராணுவ ஆர்மரர்,
தேவகோட்டை.