நூறு கிரெயினும் ஒரு பவுணும்

அன்புள்ள நண்பனுக்கு,

நலம், உன் வீட்டாரின் நலமறிய ஆவல். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்தபோது உன் அம்புகள் அரை முழம் விலகுவதற்கு முனைகளின் நிறைதான் காரணமோ என்று கேட்டு நீ என் பட்டறையில் விட்டுச் சென்ற பன்னிரண்டு வேட்டை அம்பு முனைகளையும் நேற்று ஆறுதலாக நிறுத்துப் பார்த்தேன். அடுத்த கிழமை ரொறன்ரோ திரும்பும் உன் மருமகனிடம் அவற்றையும் இக்கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். முனைகளைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் சமையலறைத் தராசு சிலவற்றுக்கு 6 கிராம் என்றும் சிலவற்றுக்கு 7 கிராம் என்றும் காட்டியதால் கலங்கிப்போயிருந்தாய். அம்பு முனைகளின் நிறையைக் கிரெயின் கணக்கில் சொல்வார்கள். ஒரு கிராம் ஏறத்தாழ 15.4 கிரெயின்; உன் முனைகளுக்குரிய 100 கிரெயின் 6.48 கிராம். இரண்டு எண்களுக்கும் நடுவில் நிற்கும் ஒரு பொருளை முழுக் கிராமாக மட்டும் காட்டும் தராசில் வைத்தால் அது அப்படித்தான் தடுமாறும். பொன் நிறுக்கும் என் தராசு 0.01 கிராம் வரை காட்டும். மின்விசிறியை நிறுத்தி, படிக்கல்லை வைத்துத் தராசைச் சரிபார்த்து, ஒவ்வொரு முனையையும் மும்முறை நிறுத்தேன். (நீ வாங்க நினைக்கும் 125 கிரெயின் முனை 8.10 கிராம், அதாவது எட்டுக் கிராம் பொன்னான ஒரு பவுணைவிடச் சற்றே கூட. எனக்கு அந்தக் கணக்குத்தான் உடனே பிடிபடுகிறது.)

ஒன்பது முனைகள் 6.45க்கும் 6.51க்கும் இடையில் நின்றன, அவற்றில் குறையில்லை. இரண்டு 6.60 காட்டின. ஒன்று மட்டும் 6.21. மிகப் பாரமானதற்கும் இதற்கும் வித்தியாசம் ஆறு கிரெயின். மொத்தம் 400 கிரெயின் நிறையுள்ள உன் அம்பு செக்கனுக்கு 76 மீற்றர் வேகத்தில் சென்றால், 30 மீற்றரை அடைவதற்குள் ஏறத்தாழ 76 சென்ரிமீற்றர் தாழ்கிறது. ஆறு கிரெயின் அந்தத் தாழ்வை ஒரு சென்ரிமீற்றரளவே மாற்றும். ஆகவே உன் அம்புகள் அரை முழம் விலகியதற்கு நிறை காரணமாக இருக்க முடியாது. ஆனால் 6.21 காட்டிய முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது, அதன் மூன்று அலகுகளில் (வெட்டும் தகடுகளில்) ஒன்று அளவுக்கு மீறித் தீட்டப்பட்டு ஒடுங்கியிருந்ததைக் கண்டேன். பறக்கும்போது அலகுகள் காற்றைப் பிடிக்கும் என்பதால், ஒருபக்கம் ஒடுங்கிய முனை அம்பை இழுத்துத் திருப்பிவிடும். நிறைக் குறைவு அந்தப் பழுதை எனக்குக் காட்டிக்கொடுத்தது. அந்த முனையை மானுக்கு எய்யாதே; தவறிய இடத்தில் காயப்பட்டு ஓடும் மிருகம் காட்டுக்குள் கிடந்து துடிப்பதை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

பாரமான இரண்டையும் அரத்தால் ராவிவிடக் கை துடித்தது, ராவவில்லை. ராவினால் நிறை சரிவரும், சமநிலை கெடும். அதைவிட அவற்றை நிறை குறைந்த தண்டுகளில் திருகுவது நல்லது, ஏனெனில் வில் தள்ளுவது முழு அம்பையுமே. முனையைத் திருகுவதற்காகக் காபன் தண்டினுள் ஒட்டிய அலுமினியக் குழலிலும் பசையிலும் இறகிலும்கூட ஐந்தாறு கிரெயின் ஒளிந்திருக்கலாம். பனங்கூடலில் ஈர்க்கு அம்பின் நுனியில் தெருத் தாரை உருட்டி ஒட்டினோமே, உருண்டை சிறுத்தால் அம்பு புரண்டு விழும், பெருத்தால் குத்திட்டு இறங்கும். அந்தப் பாடம் இன்றும் மாறவில்லை.

0.01 கிராம் காட்டும் சிறு தராசு ஒன்றை வாங்கு. பன்னிரண்டு தண்டுகளையும் முனையில்லாமல் நிறுத்து, ஒவ்வொன்றிலும் இலக்கமிட்டு எழுதி அனுப்பு. எந்த முனை எந்தத் தண்டுக்குப் பொருந்தும் என்று நான் கணக்குப் பார்த்துத் தருகிறேன். முனையைத் திருகியபின் அம்பை உள்ளங்கையில் நிறுத்திச் சுழற்றாதே, அலகு கூர்மையானது. மரப்பலகையில் ஊன்றிச் சுழற்றி, நுனி ஆடுகிறதா என்று பார்.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்
யாழ்ப்பாணம்